வாதம் இல்லாத விடைத்தாள்

பள்ளி மாணவர் எழுதும் இலக்கியக் கட்டுரை புகழுரையாகவே நின்றுவிட்டது ஏன்? உரையாசிரியர்கள் வளர்த்த மறுப்பு மரபு வகுப்பறைக்குத் திரும்புமா?

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு தொடங்கும் நாளில் முதலில் வருவது தமிழ்த்தாள். காலை பத்து மணிக்கு மணி அடித்ததும் வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடமும், முகப்புத் தாளின் விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடமும் தரப்பட, பத்தேகாலுக்கு எழுதத் தொடங்கும் பத்தாம் வகுப்பு மாணவர்கள், கடைசி ஒரு மணி நேரத்தில்தான் எட்டு மதிப்பெண் கட்டுரைக்கு வந்து சேர்கிறார்கள். மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே பக்கங்கள் வேகமாகப் புரளுகின்றன. எழுதுவதற்கும் அடிக்கோடிடுவதற்கும் நீலம் அல்லது கருப்பு மை மட்டுமே என்பது வினாத்தாளின் அறிவுரையாகையால், நீல எழுத்துக்குக் கருப்பு அடிக்கோடு என்று ஏற்கெனவே பழகிய கைகள் தலைப்பை நடுவில் எழுதி, ‘முன்னுரை’ என்பதை இடப்பக்கம் வைத்து அடிக்கோடிட்டு, வினாவிலேயே கொடுக்கப்பட்ட குறிப்புகளை ஒவ்வொன்றாக உட்தலைப்புகளாக்கி, ஒவ்வொன்றின் கீழும் நான்கைந்து வரிகளை நிரப்பி, ‘முடிவுரை’யில் அந்த நூலையோ புலவரையோ போற்றி நிறுத்துகின்றன. எந்த ஊர் மையத்தின் விடைத்தாளை எடுத்தாலும் இந்த வடிவம் மாறுவதில்லை. உட்தலைப்புகளின் வரிசையும், பெரும்பாலும் அவற்றின் கீழ் வரும் வாக்கியங்களும்கூட மாறுவதில்லை.

இந்த ஒற்றுமை ஒழுங்கின் அடையாளம் என்று நெடுங்காலமாகக் கருதப்பட்டது. மனிதர் எழுதியது போன்ற கட்டுரையை நொடிப்பொழுதில் தரும் செயற்கை நுண்ணறிவு உரையாடு செயலிகள் 2022 நவம்பருக்குப் பிறகு கைப்பேசிக்குள் வந்துவிட்ட நிலையில், ஆசிரியர் அறைகளிலும் பெற்றோர் நடுவிலும் எழுந்துள்ள கேள்வி, வீட்டுப்பாடக் கட்டுரையை மாணவர் எழுதினாரா, செயலி எழுதியதா என்பதாக இருக்கிறது. அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு: செயலி வருவதற்கு முன்பு அந்தக் கட்டுரை மாணவருடையதாக இருந்ததா?

தேர்வுக்காக அச்சேறிய இலக்கியம்

தமிழ்ச் செவ்விலக்கியம் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த வரலாற்றில் மாணவர் தேர்வுக்கு உரிய பங்கு பலரும் எண்ணுவதைவிடப் பெரிது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டுத் தமிழ் ஒரு தேர்வுப் பாடமானபோது, கற்பிக்கத் தக்க நூல்களுக்கு நம்பகமான பதிப்புகள் அரிதாக இருந்தன. சீவக சிந்தாமணியின் முதற்பகுதியான நாமகள் இலம்பகத்தை எச். பவர் என்னும் பாதிரியார் 1868இல் உரையுடன் பதிப்பித்தார். கும்பகோணம் கல்லூரியில் 1880இல் தமிழாசிரியரான உ. வே. சாமிநாதையர், சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சிந்தாமணியைக் கையில் எடுத்து, 1887இல் அதை முழுமையாக வெளியிட்டார்; பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் பதிப்பில் வெளிவந்தன.

நூல்கள் கிடைத்தபின் அவற்றைப் பற்றி எவ்வாறு எழுதுவது என்னும் கேள்வி எழுந்தது. பழைய முறையில் ஒரு நூலைப் பற்றி எழுதுவதென்றால் அதற்கு உரை எழுதுவது என்றே பொருள். சொல்லுக்குச் சொல் பொருள் கூறி, இலக்கணக் குறிப்புத் தந்து, ஐயம் எழும் இடத்தில் தடை எழுப்பி விடை கூறுவது உரையாசிரியரின் வழி. ஒரு நூலை முழுமையாகப் பார்த்து, அதன் அமைப்பையும் நோக்கையும் பற்றித் தொடர்ச்சியான உரைநடையில் வாதிடும் முறை ஆங்கிலக் கல்வியோடு வந்தது. இவ்விரண்டையும் மாணவர்க்காக இணைத்த தொடக்க முயற்சிகளில் தலையாயது, அப்போது வேதாசலம் என்னும் பெயரோடு சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த மறைமலையடிகள் எழுதிய முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை. இது 1903இல் வெளிவந்தது. பட்டினப்பாலை ஆராய்ச்சியுரை 1906இல் தொடர்ந்தது. இரண்டும் கல்லூரி மாணவர்க்குப் பாடமாக வைக்கப்பட்ட பாட்டுகளுக்கு எழுந்தவை.

அந்த முதல் நூலில் நிகழ்ந்தது இன்றைய வகுப்பறை அறிய வேண்டிய செய்தி. பத்துப்பாட்டில் மிகச் சிறியதான, 103 அடிகள் மட்டுமே கொண்ட முல்லைப்பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், பாட்டில் ஓரிடத்தில் நிற்கும் சொற்களை வேறோரிடத்துச் சொற்களோடு கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் காண்கிறார். பேருரையாசிரியர் என்று புலவர் உலகம் வணங்கிய ஒருவரின் இந்த முறை, நப்பூதனார் பாடிய பாட்டின் இயல்பான ஓட்டத்தைச் சிதைக்கிறது என்று மறைமலையடிகள் வெளிப்படையாக மறுத்தார். பாட்டைப் புலவர் வைத்த வரிசையிலேயே படித்தாலும் பொருள் இனிது விளங்கும் என்று காட்டினார். மாணவர்க்கென எழுந்த தமிழ் இலக்கியத் திறனாய்வின் தொடக்கக் கட்டத்திலேயே மறுப்புக்கு இடம் இருந்தது என்பதை இது காட்டுகிறது. அம்மறுப்பு நச்சினார்க்கினியர் பெருமையைக் குறைக்கவும் இல்லை; எதிர்த்து வாதிடும் அளவுக்கு அவ்வுரை நுணுக்கமாகப் படிக்கப்பட்டது என்பதே அதனால் விளங்கும்.

━━━━━━━━━━
பெட்டிச் செய்தி: நன்னூல் சொல்லும் ஏழு நிலைப்பாடுகள்

பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி, நூல் எழுதுவோர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் வழிகளை ‘எழுவகை மதம்’ என்று வகுக்கிறது. மதம் என்பது இங்கே கொள்கை அல்லது நிலைப்பாடு. பிறர் கருத்தை ஏற்றல், மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர் விலக்குதல், தானே ஒன்றைச் சொல்லி அதை நிலைநாட்டுதல், இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றத்தை எடுத்துக்காட்டுதல், எவர் கருத்தோடும் சேராமல் தனக்கென ஒன்று கொள்ளுதல் என்பன அவை. பள்ளிக் கட்டுரை பயன்படுத்துவது முதலாவதான உடன்படலை மட்டுமே.
━━━━━━━━━━

சிலப்பதிகாரம்: ஒரு கொலை, ஐந்து காரணங்கள்

பள்ளிக் கட்டுரை எதை இழக்கிறது என்பதை அறிய, எல்லா மாணவர்க்கும் தெரிந்த ஒரு காட்சியைச் சற்று அருகில் சென்று பார்ப்பது பயன் தரும். சிலப்பதிகாரம் பற்றிய கட்டுரை என்றாலே, காப்பியத்தின் பதிகம் கூறும் மூன்று உண்மைகள் உட்தலைப்புகளாகிவிடும்: ஆட்சியில் தவறியவர்க்கு அறமே கூற்றுவனாகும், கற்புடைய பெண்ணை உயர்ந்தோர் போற்றுவர், முன்வினை தவறாமல் வந்து தன் பயனை ஊட்டும். மூன்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கதையிலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சேர்த்து, இளங்கோவடிகளைப் போற்றினால் கட்டுரை நிறைவடைகிறது.

ஆனால் முதல் உண்மையையும் மூன்றாம் உண்மையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு முரண் தென்பட்டே தீரும். கோவலன் கொலையுண்டது முன்வினையால் என்றால் பாண்டியன் செய்த பிழை என்ன? பாண்டியன் பிழை செய்தான் என்றால் வினையின் பங்கு எவ்வளவு? இந்தக் கேள்வியைக் காப்பியமே தன் வாசகரிடம் விட்டுச் செல்கிறது என்பதற்குக் கொலைக்களக் காதை சான்று. அரசி கோப்பெருந்தேவி ஊடலால் விலகியிருக்க, அவளைத் தேற்றும் விரைவில் மன்னன் அந்தப்புரம் நோக்கிச் செல்கிறான். அந்த நேரம் பார்த்து, அரசியின் சிலம்பைத் தானே களவாடிய பொற்கொல்லன் எதிர்ப்பட்டுக் கள்வன் அகப்பட்டான் என்கிறான். வழக்கு விசாரணை இன்றி ஆணை பிறக்கிறது. அந்த இடத்தில்தான் வினை விளையும் காலம் என்று காப்பியம் ஒரு குறிப்பை வைக்கிறது.

கொலைக்களத்திலும் முடிவு உடனே நிகழ்வதில்லை. கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர், இவன் கொலைக்கு உரியவன் அல்லன் என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் அவர்களை ஏளனம் செய்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர் கையாளும் எட்டு உபாயங்களை விரிவாக எடுத்துரைக்கிறான். இளைஞனான ஒரு காவலன், மழை இருளில் தன் வாளையே பறித்து மறைந்த ஒரு கள்வனின் கதையைச் சொல்லித் தன் அச்சத்தை வெளியிடுகிறான். இவ்வாறு பேச்சு நீண்டுகொண்டிருக்கும்போது, கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அரசனின் அவசரம், பொற்கொல்லனின் வஞ்சம், தயங்கியும் தடுக்காத காவலர், வெட்டியவனின் வெறி, முன்வினை என ஐந்து காரணங்கள் ஒரே காட்சிக்குள் நிற்கின்றன. பின்னர் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம், கோவலன் முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரோடு சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக் கொல்வித்த கதையைக் கண்ணகிக்குக் கூறுகிறது. அந்த விளக்கம் கண்ணகிக்குச் சொல்லப்படுவது மதுரையில் தீ மூண்ட பின்புதான், மன்னன் தன் தவற்றை ஏற்று உயிர்விட்ட பின்புதான் என்னும் வரிசை, காப்பியப் புலவரின் நுட்பமான முடிவு.

‘கோவலன் கொலைக்கு யார் பொறுப்பு? காப்பியத்திலிருந்து சான்று காட்டி உன் முடிவை நிறுவு’ என்று கேட்டால், கொலைக்களக் காதையைப் படிக்காமல் எந்த மாணவரும் விடை எழுத முடியாது. படித்தவர் இருவர் ஒரே விடையை எழுதவும் வேண்டியதில்லை. அரசனே பொறுப்பு என்பவர் முதல் உண்மையைப் பிடித்துக்கொள்வார். வினையே பொறுப்பு என்பவர் மதுராபதியின் சொல்லைக் காட்டுவார். தயங்கிய காவலரின் மௌனத்தைக் குற்றமாகக் காணும் ஒரு மாணவர், ஆசிரியர் எதிர்பாராத ஒன்றைக்கூடச் சொல்லிவிடலாம். இவர்களுள் எவரும் இளங்கோவின் பெருமையைக் குறைத்தவர் ஆகமாட்டார்.

வாதம் வகுப்பறைக்கு வெளியே வாழ்ந்தது

இலக்கியத்தைக் கேள்வி கேட்பது தமிழர்க்குப் புதிது என்று கருத இடமில்லை. திருக்குறளுக்கு உரை எழுதியவர் பதின்மர் என்பது மரபு. அவர்களுள் கிடைக்கும் உரைகளில் பழையவரான மணக்குடவர் ஒரு குறளுக்குக் கூறும் பொருளும், பரிமேலழகர் கூறும் பொருளும் பல இடங்களில் வேறுபடுகின்றன. தமக்கு முன் இருந்தோர் கொண்ட பொருளையோ பாடத்தையோ எடுத்துக்காட்டி, அது பொருந்தாது என்று காரணம் கூறுவது பரிமேலழகரின் இயல்பான நடை. மணிமேகலைக் காப்பியத்தில் மணிமேகலை வஞ்சி மாநகரில் பல்வேறு சமயக் கணக்கரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். காஞ்சியில் அறவண அடிகளிடம் சரியான அனுமானம் எது, போலி அனுமானம் எது என்னும் அளவை நூலைப் பயில்கிறாள். அளவை என்பது உண்மையை அறியும் வழிகளை ஆராயும் தருக்கக் கலை. அமுதசுரபியை ஏந்திப் பசிப்பிணி போக்கிய மணிமேகலை ஒவ்வொரு மாணவர் கட்டுரையிலும் இருக்கிறாள். வாதம் கற்ற மணிமேகலை அநேகமாக எங்கும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டிலும் வாதம் ஓயவில்லை. பாரதியார் மறைந்து பதினைந்து ஆண்டுகள் கூட முழுமையடையாத நிலையில், அவரை மகாகவி என்று கூறலாமா என்னும் விவாதம் பத்திரிகைகளில் சூடாக நடந்தது. கல்கி ஒரு பக்கமும் வ. ரா. மறுபக்கமுமாக எழுந்த அந்தச் சர்ச்சையின் விளைவாக, கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய ‘கண்ணன் என் கவி’ 1937இல் நூலாக வெளிவந்தது. பாரதியார் பெற்ற இடம் தானாக வாய்த்ததன்று, அவருடைய கவிதைகளை வரி வரியாக எடுத்துக்காட்டி வாதிட்டவர்கள் பெற்றுத்தந்தது என்பதை அறியும் மாணவர், அவரைக் கூடுதலாகவே மதிப்பார். 1943இல் கம்பராமாயணத்தைக் குறித்து அண்ணாவுக்கும் ரா. பி. சேதுப்பிள்ளைக்கும் சென்னைச் சட்டக்கல்லூரியிலும், அண்ணாவுக்கும் நாவலர் சோமசுந்தர பாரதியாருக்கும் சேலத்திலும் நடந்த சொற்போர்கள் ‘தீ பரவட்டும்’ என்னும் நூலாயின. இன்றும் கம்பன் விழாக்களில், வாலியை இராமன் மறைந்து நின்று கொன்றது முறையா என்று வழக்காடு மன்றம் அமைத்து நள்ளிரவு வரை கேட்கும் கூட்டம் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் உண்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பாட்டி முதல் பேராசிரியர் வரை தீர்ப்புக்குக் காத்திருக்கும் அந்தக் கேள்வி, பத்தாம் வகுப்பு மாணவரிடம் மட்டும் கேட்கப்படாமல் இருப்பது வருந்தத்தக்கது.

━━━━━━━━━━
பெட்டிச் செய்தி: தேர்வுகளில் இலக்கியம்

● பத்தாம் வகுப்புத் தமிழ்த்தாளில் மூன்று நெடுவினாக்களுக்குத் தலா 8 மதிப்பெண். குறிப்புகளைக் கொண்டு எழுதும் கட்டுரை இப்பகுதியில் வருகிறது.
● பன்னிரண்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு; நெடுவினாக்கள் மூன்றுக்கும் தலா 6.
● தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் 200 வினாக்களில் 100 தமிழ்த் தகுதிக்கு உரியவை. அனைத்தும் கொள்குறி வகை.
● இந்தியக் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாகத் தேர்வோர்க்குத் தலா 250 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள்கள். அனைத்தும் விரித்து எழுதும் விடைகள்.
━━━━━━━━━━

அச்சு எவ்வாறு உறைந்தது

இந்த நிலைக்கு ஒருவரைக் குற்றவாளியாக்க இயலாது. இலட்சக்கணக்கான விடைத்தாள்களைக் குறுகிய நாள்களில் பல ஊர் முகாம்களில் பல ஆசிரியர்கள் திருத்தும்போது, ஒரே விடைக்கு ஓர் ஊரில் ஆறும் மற்றோர் ஊரில் மூன்றும் கிடைத்துவிடக் கூடாது என்னும் நியாயமான அக்கறையிலிருந்து விடைக்குறிப்பு பிறக்கிறது. விடைக்குறிப்பு என்பது, எந்தக் குறிப்புக்கு எத்தனை மதிப்பெண் என்று திருத்துவோர்க்கு வழங்கப்படும் அளவுகோல். முன்னுரைக்கு இவ்வளவு, உட்தலைப்புகளுக்கு இவ்வளவு, முடிவுரைக்கு இவ்வளவு என்று பிரித்துவிட்டால் திருத்துவதில் நேர்மை காக்கப்படுகிறது. அதே நேரத்தில், உட்தலைப்பு தென்பட்டால் போதும் என்னும் பழக்கமும் வேரூன்றுகிறது. வினாவிலேயே உட்தலைப்புகள் கொடுக்கப்படும்போது, கட்டுரை எழுதுவதில் கடினமான பகுதியான, எதை முதலில் சொல்வது, எதை விடுவது, எதிலிருந்து எதற்குச் செல்வது என்னும் சிந்தனை மாணவரிடமிருந்து எடுக்கப்பட்டு, வினா அமைப்பவரிடம் சேர்கிறது.

துணைநூல்களின் பங்கையும் நியாயமாக எடைபோட வேண்டும். திருச்சி புனித வளனார் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியர் ஐயன்பெருமாள் கோனார் எழுதிப் பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட கோனார் தமிழ் உரை, தமிழாசிரியர் இல்லாத ஊர்களிலும் செய்யுளுக்குப் பதவுரையும் இலக்கணக் குறிப்பும் கொண்டுசேர்த்தது. உரையாசிரியர் மரபின் எளிய தொடர்ச்சியாகவே அது பல தலைமுறைகளுக்கு இருந்தது. அரும்பொருள் விளங்காத மாணவருக்கு அந்நூல் கொடுத்த கைத்தாங்கல் சிறியதன்று. பின்னர் சந்தையில் பெருகிய பலவகை வழிகாட்டிகள் செய்யுளை விட்டுவிட்டு, ‘எதிர்பார்க்கப்படும் வினா’க்களுக்கான முழு விடைகளையே முன்னிறுத்தியபோது, மாணவர் பாட்டைத் தொடாமலேயே பாட்டைப் பற்றி எழுதுவது இயல்பானது.

உட்தலைப்பு முறைக்கு ஆதரவாகக் கூறப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு. வீட்டில் புத்தகமே இல்லாத, குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பு எட்டிய மாணவருக்கு, வெள்ளைத்தாளின் முன் அச்சமின்றி உட்கார இந்தச் சட்டகமே துணை; அதை எடுத்துவிட்டால் நன்கு பேசப் பழகிய வசதியான வீட்டுக் குழந்தைகளே மேலும் முன்னேறுவர் என்று அரசுப் பள்ளி ஆசிரியர் கூறுவதைப் புறக்கணிக்க முடியாது. அந்தக் கவலைக்கு மதிப்பளித்தே மாற்றத்தைச் சிந்திக்க வேண்டும். எனினும், கோவலன் கொலைக்கு யார் பொறுப்பு என்னும் கேள்வியில் புத்தக அலமாரி உள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனிச்சலுகை எதுவும் இல்லை. நியாயம் மறுக்கப்படுவதை அருகிலிருந்து கண்ட வாழ்க்கை, அந்தக் காட்சியைப் படிக்க வேறெந்தப் பயிற்சியையும்விடக் கூடுதலான கூர்மையைத் தரும்.

புலவர் வாழ்க்கை என்னும் புகழ்மாலை

நூல்களுக்கு நேர்ந்தது நூலாசிரியர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. புலவரைப் பற்றிய கட்டுரை, பிறப்பு, பெற்றோர், இளமை, நூல்கள், சிறப்புப் பெயர்கள், புகழ் என்னும் வரிசையில் நகர்கிறது. திருவள்ளுவரைப் பொறுத்தவரை இவற்றுள் முதல் மூன்றுக்கும் உறுதியான சான்று எதுவும் இல்லை. கி.மு. 31ஐத் தொடக்கமாகக் கொண்டு திருவள்ளுவர் ஆண்டு கணக்கிடப்படுவதால், அதையே அவர் பிறந்த ஆண்டு என்று ஐயமின்றி எழுதும் மாணவர் பலர். திருக்குறளின் காலம் குறித்து அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் வேறுபடுகிறார்கள் என்பதும், நூலின் சொல்லாட்சி, பிற நூல்களில் அதன் தாக்கம் ஆகியவற்றைக் கொண்டே அந்த வாதம் நடக்கிறது என்பதும் அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. கம்பர் ஒன்பதாம் நூற்றாண்டினரா, பன்னிரண்டாம் நூற்றாண்டினரா என்னும் விவாதமும், அம்பிகாபதி கதை செவிவழிச் செய்தி என்பதும் இவ்வாறே மறைந்துபோகின்றன. ஒரு புலவரைப் பற்றி நாம் எவ்வாறு அறிகிறோம், எந்தச் சான்றை நம்புகிறோம் என்னும் ஆய்வுணர்வு பிறக்க இதைவிடச் சிறந்த வாய்ப்பு பள்ளியில் வேறு இல்லை.

━━━━━━━━━━
பெட்டிச் செய்தி: ஔவையார் ஒருவரா?

அதியமான் நெடுமான் அஞ்சியின் நண்பராக இருந்து, தொண்டைமானிடம் தூது சென்ற சங்கப் புலவர் ஔவையார் பாடியனவாக 59 பாடல்கள் சங்கத் தொகைகளில் உள்ளன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் ஆகிய நீதிநூல்களைப் பாடிய ஔவையார் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். நாட்டுப்புறக் கதைகளும், 1953இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்த ‘ஔவையார்’ திரைப்படமும் ஒரே முதியவளின் உருவத்தை மனத்தில் பதித்தமையால், போரையும் நட்பையும் மதுவையும் பாடிய சங்கப் பெண் கவிஞர் மாணவர் கட்டுரைகளில் காணாமற்போகிறார்.
━━━━━━━━━━

விளைவுகள்: செயலிக்கு முன்பே தோற்ற கட்டுரை

உரையாடு செயலியிடம் ‘சிலப்பதிகாரத்தின் சிறப்பு’ என்று கேட்டால், முன்னுரையும் உட்தலைப்புகளும் முடிவுரையும் கொண்ட, பிழை குறைந்த ஒரு புகழுரை கிடைக்கிறது. ஏற்கெனவே எழுதிக் குவிந்துள்ள எழுத்திலிருந்து அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து எழுதுவதே அச்செயலிகள் இயங்கும் முறையாகையால், எல்லோரும் ஒரே மாதிரி எழுதி வைத்த பொருளில் அவை மிக எளிதாக வெல்கின்றன. மாணவர் தாமே எழுதினாரா என்பதை ஆசிரியர் கண்டுபிடிக்க இயலாமற்போவதற்கு அடிப்படைக் காரணமும் இதுவே: மாணவரின் சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்பதை ஆசிரியர் அதற்கு முன் கேட்டிருக்கவில்லை. ஒரு வகுப்பின் ஐம்பது பிள்ளைகளும் ஒரே துணைநூலின் வாக்கியங்களை எழுதியபோது எழாத ஐயம், அவ்வாக்கியங்கள் இயந்திரத்திலிருந்து வரும்போது மட்டும் எழுவது காலம் கடந்த கவலை.

இன்னும் கவலைக்குரியது மேற்கோள். இச்செயலிகள், இல்லாத செய்யுள் அடியைப் பழந்தமிழ்ச் சாயலில் புனைந்து, அதைக் குறள் என்றோ புறநானூறு என்றோ பெயரிட்டுத் தருவதும், ஒருவர் பாட்டை மற்றொருவர் மேல் ஏற்றுவதும் உண்டு. மூலத்தைப் படித்தவருக்கு அது உடனே உறுத்தும். கட்டுரைக்கு அழகு சேர்க்க மேற்கோள் என்னும் அளவில் மட்டுமே செய்யுளை அறிந்தவருக்கு அது உறுத்தாது. உ. வே. சாமிநாதையரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் செல்லரித்த ஏடுகளை ஒப்பிட்டு, ஒரு பாடத்தை உறுதி செய்ய ஆண்டுக்கணக்கில் உழைத்த மொழியில், பொய்யான அடிகள் விடைத்தாளிலும், பின்னர் மேடையிலும், அதன்பின் அச்சிலும் ஏறுவதைத் தடுக்கும் ஒரே காவல், மூலத்தோடு பழகிய வாசகர்தாம்.

கல்லூரிக்குச் செல்லும்போது இந்தப் பழக்கத்தின் விலை மேலும் கூடுகிறது. தமிழ் இலக்கியத்தை முதன்மைப் பாடமாக எடுப்பவர்கள்கூட, ஒரு பாட்டை முன்வைத்துத் தம் கருத்தை நிறுவ வேண்டிய இடத்தில், அறிஞர் புகழ்ந்தனவற்றைத் தொகுத்து வைத்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் அரசுப் பணித் தேர்வின் தமிழ்ப் பகுதி, நூலையும் ஆசிரியரையும் பொருத்துவது, அடைமொழிக்கு உரியவரைக் கண்டறிவது என்று இலக்கியத்தைத் தகவலாக்குகிறது. மறுபக்கம் குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடம், ஒப்பிட்டும் மதிப்பிட்டும் எழுதும் ஆற்றலைக் கேட்கிறது. பள்ளி முதற்கொண்டு முதல் வகைக்கே பழகிய மாணவர், இரண்டாம் வகையின் முன் திகைத்து நிற்க நேர்கிறது.

பிறர் இதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கவிஞரின் பெயரும் காலமும் நீக்கப்பட்ட பதின்மூன்று கவிதைகளை மாணவரிடம் கொடுத்துக் கருத்து எழுதச் செய்தார். பெயர் தெரியாதபோது நன்கு பயின்றவர்களும் கவிதையின் நேர்ப்பொருளையே தவறவிடுவதையும், கேட்டுப் பழகிய மதிப்பீடுகளைக் கொண்டு இட்டு நிரப்புவதையும் 1929இல் வெளிவந்த நூலில் வகைப்படுத்தினார். பாட்டை நெருங்கிப் படிக்கும் திறனாய்வு முறை ஆங்கில உலகில் அங்கிருந்து பரவியது. தமிழில் சி. சு. செல்லப்பா, 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழில் அலசல் விமர்சனம் என்னும் பெயரில், படைப்பைக் கூறு கூறாக எடுத்து ஆராயும் அதே கண்டிப்பை வேண்டினார். அந்த இதழைப் பற்றிய குறிப்பு பாடநூல் வழியாக மாணவரை அடைகிறது. அது கையாண்ட முறை அடையவில்லை.

எட்டு மதிப்பெண்ணுக்குள் என்ன செய்யலாம்

பாடத்திட்டத்தை முழுவதுமாகப் புரட்டிப்போட வேண்டும் என்பதில்லை. எட்டு மதிப்பெண் கட்டுரையில் உட்தலைப்புகளைத் தருவதற்குப் பதிலாக, பாடநூலில் இல்லாத இருபது அடிகளை அருஞ்சொற்பொருளுடன் வினாத்தாளிலேயே அச்சிட்டு, அதன்மேல் ஒரு கேள்வியை எழுப்பலாம். மனப்பாடச் சுமை குறைவதோடு, துணைநூல் வாங்க இயலாத மாணவரும் மற்றவரோடு சமநிலையில் நிற்பார். திருத்துவோர்க்கான விடைக்குறிப்பையும் நேர்மை குறையாமல் அமைக்க முடியும்: தெளிவான ஒரு முடிவை முன்வைத்ததற்கு இரண்டு, கொடுக்கப்பட்ட அடிகளிலிருந்து பொருத்தமான சான்று காட்டியதற்கு மூன்று, எதிர்த்தரப்பு என்ன கூறும் என்பதை எடுத்துக்கொண்டு விடை கூறியதற்கு இரண்டு, நடைக்கு ஒன்று. எந்த முடிவு என்பதற்கு மதிப்பெண் கிடையாது என்று விடைக்குறிப்பிலேயே எழுதிவிட்டால், ஊருக்கு ஊர் வேறுபாடு எழாது.

வகுப்பறைக்கு இதனினும் எளிய தொடக்கம் உண்டு. ஒரு குறளுக்கு மணக்குடவர் உரையையும் பரிமேலழகர் உரையையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, எது பொருந்துகிறது, ஏன் என்று பத்து வரிகள் எழுதச் சொல்ல ஒரு பாடவேளை போதும். இரண்டு உரைகளும் பதிப்புரிமை குறுக்கிடாத பொதுச்சொத்து. பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் நன்னூல் பாயிரத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே இடம்பெற்றிருக்கிறது. எழுவகை மதத்தைக் கூறும் நூற்பாவும் அதே பாயிரத்தில்தான் இருக்கிறது; ஆசிரியர் இன்னும் ஒரு பாடவேளை செலவிட்டால், உடன்படலுக்கு அடுத்து நிற்கும் மறுத்தலையும் மாணவர் எழுதிப் பழகலாம்.